பத்து நிமிடப் பீதி... பயந்து ஓடாதீர்கள்!

காலை எட்டரை மணி. திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தின் மேல் டவுன் பஸ் ஒன்று நிற்கிறது. முன்னால் ஏதோ வண்டி மக்கர் செய்துவிட்டதால் நகர வழியில்லை. உள்ளே மூச்சுவிட இடமில்லாத கூட்டம். கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார் அந்தப் பள்ளி ஆசிரியை. வயது 37. தலைவலி, காய்ச்சல் தவிர வேறு வியாதி அறியாதவர்.

திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவது போலிருந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், கண் இருட்டி, கால் துவண்டது. 'ஐயோ, நான் சாகப் போறேன்... என் பிள்ளைகளை இனி யார் பார்த்துப்பாங்க?' என்ற ஒரே எண்ணம்தான் மனசு முழுக்க.

பஸ்ஸில் இருந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, "எல்லாம் நார்மலா இருக்கும்மா. உங்களுக்கு ஒண்ணுமில்லை. கேஸ் டிரபிளா இருக்கும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒண்ணுமில்லை!

இந்த ஒரு வார்த்தைதான் அவரை அடுத்த எட்டு மாதம் ஆட்டிப் படைத்தது. ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு வந்தது என்ன? மறுபடி வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பத்தே நாளில் மறுபடி வந்தது. அப்புறம் கடைத்தெருவில் ஒரு தடவை, நடு ராத்திரி தூக்கத்தில் ஒரு தடவை. நான்கு முறை ஆஸ்பத்திரி, நான்கு ஈ.சி.ஜி., நான்கு 'ஒண்ணுமில்லை'!

கடைசியில் 'வாயுவுக்கு ஒரு நல்ல லேகியம் வேணும்' என்று கணவரோடும் மாமியாரோடும் என்னிடம் வந்து சேர்ந்தார்.

இது என்ன நோய்?

அவருக்கு வந்தது வாயுவும் அல்ல, மாரடைப்பும் அல்ல. 'பேனிக் அட்டாக்' என்று ஆங்கில மருத்துவத்தில் சொல்லும் பீதித் தாக்குதல்.

கவலை எல்லோருக்கும் உண்டு. பிள்ளைக்குப் பரீட்சை, மகளுக்கு வரன், மாதக் கடைசி என்று ஏதாவது ஒன்று மனதை அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பீதித் தாக்குதல் அப்படியல்ல. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடுதிப்பென்று வரும். சில நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொடும். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சில் இறுக்கம், வயிற்றைப் புரட்டுதல், தலைச்சுற்றல், கை கால் மரத்துப்போதல், உடம்பு சில்லிடுதல் அல்லது கொதித்தல் என்று பலவும் ஒன்றாகக் கிளம்பும். 'செத்துவிடுவேன்', 'பைத்தியம் பிடித்துவிடும்', 'என் கட்டுப்பாட்டிலேயே நான் இல்லை' என்ற திகில் கூடவே வரும். சிலருக்குச் சுற்றியுள்ள உலகமே கனவு போல, நிஜமில்லாதது போலத் தெரியும்.

பெரும்பாலோருக்குப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அனுபவிப்பவருக்கு அது ஒரு யுகம்!

வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் இப்படி வந்து போகிறவர்கள் நிறையப் பேர். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போ வருமோ' என்ற பயத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் கழிந்து, அந்தப் பயத்தால் அன்றாட வாழ்க்கையும் மாறிப்போனால் அதுதான் நோய். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

இது புதிதாக முளைத்த நாகரிக வியாதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த சிப்பாய்களில் பலர் நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல் என்று வந்தபோது, அவர்கள் இதயத்தில் கோளாறு எதுவும் தெரியாததைக் கண்டு, 1871-லேயே டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதிவைத்தார். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிப் பெயரே கிடைத்தது. ஆக, நாடியில் பீரங்கிச் சத்தம் கேட்டுப் பழகிய சிப்பாயையே இது ஆட்டிவைத்திருக்கிறது. உங்களுக்கு வந்தால் நீங்கள் கோழை என்று அர்த்தமல்ல!

காவல் நாய் குரைக்கிறது

ஏன் இப்படி வருகிறது? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

வீட்டுக்குக் காவலாக நாய் வளர்க்கிறோம். திருடன் வந்தால் குரைக்க வேண்டும். அதற்காகத்தான் சோறு போடுகிறோம். ஆனால் ஒருநாள் அது பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. குரைப்பு நிஜம், ஆனால் வந்தவர் திருடன் அல்ல!

நம் மூளையிலும் இப்படி ஒரு காவல் நாய் இருக்கிறது. ஆபத்து என்று அது நினைத்தால் சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு பறக்கும். அட்ரீனலின் ரத்தத்தில் கலக்கும். பாம்பைக் கண்டால் ஓடுவதற்கோ, எதிர்த்து நிற்பதற்கோ உடம்பைத் தயார் செய்கிற ஏற்பாடு இது. கால்களுக்கு ரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. பிராணவாயு வேண்டும், அதனால் மூச்சு வாங்குகிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வேண்டும், அதனால் வியர்க்கிறது. அந்த நேரத்தில் செரிமானம் முக்கியமில்லை, அதனால் வயிறு பிசைகிறது.

சரி, கை கால் ஏன் மரத்துப்போகிறது? தேவைக்கு மேல் வேக வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மதமதக்கும், சிலருக்கு விரல்கள் விறைத்துக்கொள்ளும். 'மூச்சு கிடைக்கலையே' என்று நீங்கள் இன்னும் வேகமாக இழுக்க இழுக்க, இந்தத் தொல்லை கூடுமே தவிரக் குறையாது.

அதாவது, உடம்பில் பழுது எதுவும் இல்லை. ஆபத்தே இல்லாத இடத்தில் ஆபத்துக்கான வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. 'ஒண்ணுமில்லை' என்பது தவறு. இதயத்தில்தான் ஒன்றுமில்லை. இந்த வித்தியாசத்தை யாராவது அந்த ஆசிரியைக்கு முதல் நாளே ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், எட்டு மாத அவஸ்தையில் பாதி மிஞ்சியிருக்கும்.

அடக்கிவைத்த கண்ணீர்

"அவளுக்கு எங்கேயோ பயந்த கோளாறு வந்திருக்கு அய்யா. மந்திரிச்சுத் திருநீறும் போட்டாச்சு, கேக்கல" என்றார் மாமியார். அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. பயம்தான் நோய் என்பதை அந்த அம்மாள் சரியாகவே பிடித்துவிட்டார். திருநீறு மனதுக்குத் தெம்பு கொடுக்கும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, உடம்பில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களை ஆசிரியர்கள் ஒப்பிக்கச் சொல்வார்கள். மலம், சிறுநீர், பசி, தாகம், தும்மல், தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று! வேகங்களை அடக்கினால் வாதம் நிலைகெடும், அதனால் நோய் வரும் என்பது சித்தர் கணக்கு.

ஆசிரியையிடம் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே விசாரித்தேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நான்கு பேருக்குச் சமைத்து டப்பாவில் அடைத்துவிட்டு, தான் மட்டும் ஒரு டம்ளர் காபியோடு பஸ் ஏறுகிறவர். பள்ளியில் கழிப்பறை வசதி போதாது என்று மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. இரவு விடைத்தாள் திருத்திவிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும்.

"வீட்டிலே ஏதாவது துக்கம் நடந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா தவறிப் போயிட்டாங்க சார். பஸ்ஸுல முதல் தடவை வந்துச்சே, அதுக்கு மூணு மாசம் முன்னாடி. அப்போ பிள்ளைங்களுக்கு ப்ளஸ் டூ பரீட்சை நேரம். தங்கச்சி வேற ரொம்ப உடைஞ்சு போயிட்டா. நானும் அழுதா அவளை யார் தேத்துறதுன்னு..." என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். கணவர் பதறி எழுந்தார். "உட்காருங்க, அழட்டும்" என்றேன்.

ஒரு துக்கத்துக்கோ, பெரிய இடமாற்றத்துக்கோ, பிரசவத்துக்கோ பிறகு சில மாதங்களில் பீதித் தாக்குதல் தொடங்குவது சகஜம். அழாததால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குப் பரம்பரைவாகும் உண்டு. ஆனால் பசி, தாகம், தூக்கம், துக்கம் என எல்லாவற்றையும் அடக்கி வைத்த உடம்பில் அந்தக் காவல் நாய் எப்போதும் காதைத் தூக்கிக்கொண்டேதான் படுத்திருக்கும். சின்னச் சத்தம் போதும்.

முதலில் பரிசோதனை... என் அனுபவத்தில் ஒரு பாடம்

இதைப் படித்துவிட்டு, 'நமக்கு வந்ததும் பீதிதான்' என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். நானே ஒருமுறை அப்படி முடிவு கட்டித் தவறு செய்தவன்.

நான் தொழில் தொடங்கிய புதிது. இளைஞர் ஒருவர் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வந்தார். புதிதாக வியாபாரம் தொடங்கியிருந்தார், கடனும் இருந்தது. 'எல்லாம் மனக்கவலைதான்' என்று அமுக்கராச் சூரணம் கொடுத்தேன். மாதங்கள் ஓடின. குறையவில்லை. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலிந்துகொண்டே போனது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பொறி தட்டி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது! போதாக்குறைக்கு, அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும் என்பது இன்று தெரிந்த விஷயம். நல்லவேளையாக அவர் தேறிவிட்டார். ஆனால் எனக்கு அது ஆயுளுக்கும் மறக்காத பாடம்.

அன்றிலிருந்து படபடப்பு என்று யார் வந்தாலும் ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்க்காமல் நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. ரத்தசோகை, சர்க்கரை தாழ்ந்துபோதல், இதயத் துடிப்பில் கோளாறு, ஆஸ்துமா எல்லாமே இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் யார்?

* வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி வருகிறவர்கள்.
* நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவினால்.
* நடக்கும்போது, மாடி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் குறையும் வலி.
* மயங்கி விழுந்தால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் பலமிழந்தால்.
* நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள்.

இவர்கள் சோடா குடித்துப் பார்க்கலாம், சுக்குக் கஷாயம் போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். பரிசோதனை செய்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகுதான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்கு.

பீதி வரும்போது என்ன செய்வது?

ஒன்று: பெயர் சொல்லுங்கள். 'இது அதுதான். போன தடவையும் செத்துப்போகல. இப்பவும் மாட்டேன். பத்து நிமிஷம்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஓடாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். மற்றபடி இருந்த இடத்திலேயே இருங்கள். உட்கார முடிந்தால் உட்காருங்கள்.

மூன்று: மூச்சை விடுங்கள். இழுப்பது முக்கியமில்லை, விடுவதுதான் முக்கியம்! வயிறு மெல்ல உப்ப மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை நிதானமாக வெளியே விடுங்கள். ஆழமாக, பெரிதாக இழுக்க வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி போன்ற பயிற்சிகள் அந்த நேரத்தில் கூடவே கூடாது. பேப்பர் கவரை வாயில் வைத்து மூச்சுவிடும் பழைய வழக்கமும் வேண்டாம். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

நான்கு: எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது குறுக்கே நின்று தடுக்க முடியுமா? கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். வந்தது வடியும். கடிகாரத்தைப் பாருங்கள், வெளியே தெரியும் கடைப் பலகைகளைப் படியுங்கள். ஆனால் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். எண்ண எண்ணத் துடிப்பு ஏறும்.

ஐந்து: அடங்கியதும், விட்ட வேலையைத் தொடருங்கள். காய் வாங்க வந்தீர்களா? வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

உண்மையான நோய் எது தெரியுமா?

அந்தப் பத்து நிமிடம் அல்ல. அதற்குப் பயந்து நீங்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும் இடங்கள்தான்!

ஆசிரியையின் கதையையே பாருங்கள். முதலில் அந்தப் பாலத்தை விட்டார். பிறகு பஸ்ஸையே விட்டார். கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பிறகு கூட்டம் கூடும் இடம் எதுவும் வேண்டாம் என்று நெல்லையப்பர் கோயிலுக்குப் போவதை விட்டார். வருடம் தவறாமல் பார்க்கும் ஆனித் தேரோட்டத்தை விட்டார். கடைத்தெருவை விட்டார். தனியாக வீட்டில் இருப்பதை விட்டார். சம்பளமில்லா விடுமுறை போட்டார். என்னிடம் வந்த அன்று அவர் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. வேலையை ராஜினாமா செய்யும் கடிதம்! பதினான்கு வருட வேலை.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று சும்மாவா சொன்னார்கள்? ஒவ்வொரு முறை ஓடி வரும்போதும், 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை தப்புக் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை நாய் இன்னும் பலமாகக் குரைக்கிறது. ஓடாமல் நின்றால்தான், 'நின்றும் ஒன்றும் ஆகவில்லையே' என்று அது கற்றுக்கொள்ளும்.

"கடிதத்தை மூணு மாசம் உள்ளேயே வையுங்கம்மா. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

"நான் என்ன பைத்தியமா சார்?" என்றார் உடனே.

"கண்ணுக்குக் கண் டாக்டர், பல்லுக்குப் பல் டாக்டர். பயத்துக்கு ஒரு டாக்டர் வேண்டாமா?" என்றேன். அரை மனதோடு போனார்.

படிப்படியாக ஒரு திட்டம்

மனநல மருத்துவரும் அவருடைய உளவியல் ஆலோசகரும் ஓர் ஏணி போலத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாரம், பாளையங்கோட்டை பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது, கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்குவது. கணவர் அதே பஸ்ஸில் பின் சீட்டில். பிறகு வண்ணார்பேட்டை வரை. பிறகு கணவர் இல்லாமல் ஜங்ஷன் வரை. கடைசிப் படிதான் ஈரடுக்குப் பாலம்.

ஒவ்வொரு படியிலும் பயம் வரத்தான் செய்யும். அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இறங்கி ஓடக் கூடாது. ஒரே படியை மறுபடி மறுபடி செய்து, அது சலித்துப்போன பிறகே அடுத்தது. இதைவிடப் பலன் தரும் சூரணம் எதுவும் எனக்குத் தெரியாது!

இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் யார் தெரியுமா? கணவர்தான்! "அவ பயந்து நடுங்கும்போது நான் எப்படி சார் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுப் போறது?" என்று கண் கலங்கினார். எட்டு மாதமும் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், மேலதிகாரியிடம் வசவு வாங்கி, மனைவியைத் தாங்கியவர். ஆனால் அவருடைய அன்பே நோய்க்குத் தீனி போட்டுவிட்டது. 'இவர் இல்லாமல் நம்மால் முடியாது' என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் உன் பிரமை', 'மனசைத் தைரியமா வச்சுக்கோ', 'நாங்கெல்லாம் சமாளிக்கலையா?' என்று சொல்லாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதற்காக எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, 'கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், நான் இருக்கிறேன்' என்று நிதானமான குரலில் சொல்லுங்கள். சரியானதும், 'வா, போன வேலையை முடிப்போம்' என்று கூட நடங்கள்.

உணவும் மருந்தும்

வெறும் வயிற்றில் டிகிரி காபி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க. காபியில் உள்ள காஃபீன் படபடப்பைத் தூண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். அதனால் மெல்லக் குறையுங்கள். காலையில் இரண்டு இட்லியாவது, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழாவது உள்ளே போகட்டும். பயத்தை மறக்க மது குடிப்பவர்களுக்கு, போதை இறங்கும் மறுநாள் காலையில் பீதி இரட்டிப்பாகும். புகையிலையும் அப்படித்தான்.

அந்த ஆசிரியைக்கு நான் லேகியம் எதுவும் கொடுக்கவில்லை. வாரம் ஒருநாள் நல்லெண்ணெய்க் குளியல், வேளைக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், பத்தரை மணிக்குப் படுக்கை, தினமும் அரை மணி நடை. விடைத்தாள் திருத்துவதை ஞாயிறு பகலுக்கு மாற்றச் சொன்னேன். மாமியார் காலைச் சமையலில் பாதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதுவே பெரிய மருந்து!

அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில் என்று மனதை அமைதிப்படுத்த எங்கள் மருத்துவத்தில் மூலிகைகள் உண்டு. ஆனால் 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மனநல மருத்துவர் தரும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு விளக்கம். முக்கியமான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடினாலும் கூடும். 'ஒத்துக்கலை' என்று தூக்கிப் போட்டுவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். அவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல. ஆனால் உடனடி அமைதி தரும் சில மாத்திரைகள், அல்பிரஸோலாம் போன்றவை, நாள்பட்டால் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது தவறு. அதே சமயம் எந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 'சித்த மருந்து ஆரம்பிச்சாச்சு, அதை நிறுத்திட்டேன்' என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் திட்டித்தான் அனுப்புகிறேன்!

யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகவே பயமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பயத்தோடு 'வாழவே பிடிக்கவில்லை' என்ற எண்ணமும் சேர்ந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடியும் அதே பாலம்

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை. ஆசிரியை தனியாக வந்தார். முகத்தைப் பார்த்ததும், "என்னம்மா, சரியாயிட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இன்னைக்குக் காலையிலே வந்துச்சு. அதே பாலத்துல, அதே மாதிரி கூட்டத்துல" என்றார்.

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். "அப்புறம்?"

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாட்சைப் பார்த்தேன். ஏழு நிமிஷம். பஸ் டவுனுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. இறங்கி ஸ்கூலுக்குப் போய் முதல் பீரியட் எடுத்தேன்."

கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான்காகக் கிழித்திருந்தது.

"வராமல் இருக்க மருந்து கேட்டுத்தான் சார் உங்ககிட்ட வந்தேன். இனி வந்தாலும் பரவாயில்லை" என்றார்.

அன்பு வாசகர்களே, இதுதான் குணம். பீதி உங்கள் வீட்டு வாசலுக்கு மறுபடி வரலாம். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பயந்து நீங்கள் விட்டுவிட்ட இடம் எது என்று இன்று ஒரு தாளில் எழுதுங்கள். கோயிலா, கடைத்தெருவா, ரயிலா, கல்யாண வீடா? அந்தப் பட்டியலில் இருப்பதிலேயே சின்ன இடத்துக்கு, நாளைக் காலையில் ஒரு கால் மணி நேரம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.